பட்டியலில் எழுதாத மாத்திரை

எனக்கு மூக்குக்கு மேல கோபம் வரும்னு எங்க தெருவுக்கே தெரியும். மருந்துக் கடையில முப்பத்தோரு வருஷமா நிக்கிறேன். டாக்டர் சீட்டுல ஒரு புள்ளி இடம் மாறியிருந்தாலும் போன் போட்டுக் கேக்காம மருந்தை எடுத்து வைக்கமாட்டேன். அரை மாத்திரை போடச் சொன்னா முழுசா போட்டுட்டு வர்றவங்களை வரிசையில நிக்க வெச்சே திட்டியிருக்கேன். பக்கத்துல தையல் கடை வெச்சிருக்கிறவர் எனக்கு ‘கறார் மேடம்’னு பேர் வெச்சிருக்கார். கேட்டா முறைப்பேன், ஆனா உள்ளூர அந்தப் பேர்ல எனக்குப் பெருமைதான். இப்ப நான் சொல்லப்போறதைக் கேட்டா அவரே அதைத் திருப்பி வாங்கிக்குவார்.

விஷயம் என் அக்காவைப் பத்தினது. என்னைவிடப் பதினெட்டு வயசு மூத்தவ. அம்மா போனப்ப எனக்கு ஏழு வயசு. அதுக்கப்புறம் எனக்குத் தலை வாரினதுலேர்ந்து காலேஜுல சேர்த்துவிட்டது வரைக்கும் எல்லாம் அவதான். கோர்ட்டுல சுருக்கெழுத்து எழுதுற வேலை அவளுக்கு. சாட்சி சொல்றது, வக்கீல் கேக்கிறது எல்லாம், நீதிபதி இருமுறதைத் தவிர, அவ பென்சில்ல ஏறிடும். அப்படிச் சொல்லலையேன்னு யாராவது மழுப்பினா, திருப்பி வாசிக்கச் சொல்வாங்க. அவ எழுந்து நின்னு, ஏத்த இறக்கம் இல்லாம, கோபம் இல்லாம, எழுதினதை எழுதினபடி வாசிப்பா. எவ்வளவு பெரிய வக்கீலும் அதோட கப்சிப். வீட்டுலயும் அதே குரல்தான். நான் மார்க்கை மறைச்சப்பகூட, "போன வியாழக்கிழமை நீ சொன்னது இது"ன்னு அவ ஆரம்பிச்சா நான் எல்லாத்தையும் ஒத்துக்குவேன்.

அத்தான் போன பிறகு அவளும் நானும் ஒரே வீட்டுல இருக்கோம். மூணாவது மாடி, ரெண்டு படுக்கையறை, தெருவைப் பார்த்த சமையல்கட்டு. நான் கல்யாணம் பண்ணிக்கலை. அவ மகன் கப்பல்ல இன்ஜினியர், வருஷத்துல ஒரு மாசம் வருவான், மத்தபடி போன்தான். அக்காவுக்கு இப்ப எழுபத்தி நாலு.

போன வருஷக் கடைசியிலதான் அவ மாற ஆரம்பிச்சா. முதல்ல வார்த்தை கிடைக்காம நின்னா. அப்புறம் கண்ணாடியை மூக்குல போட்டுக்கிட்டே ஃபிரிட்ஜுக்குள்ள தேடினா. ஒரு நாள் நான் கடையிலேர்ந்து வந்தா, சாவியைக் கையில வெச்சுக்கிட்டு கதவுக்கு முன்னாடி நிக்கிறா, அது எதுக்குன்னு தெரியலை. பகல்ல உக்காந்த இடத்துலயே தூங்கிடுவா. சாயங்காலம் ஆனா ஒரு இடத்துல நிக்கமாட்டா, அறைக்கு அறை நடப்பா, அம்மா வந்துட்டாளான்னு என்னைக் கேப்பா. செத்து நாப்பத்தொம்பது வருஷம் ஆன அம்மா.

இன்னும் மூணு விஷயம் இருந்துச்சு. வாய் வறண்டு பேசும்போது நாக்கு ஒட்டும். மலச்சிக்கல். கண் மங்கல். நான் என்ன பண்ணேன்? வாய்க்குத் தண்ணி பாட்டிலைப் பக்கத்துல வெச்சேன், மலச்சிக்கலுக்கு சிரப் கொண்டுவந்தேன், கண்ணுக்குச் சொட்டு மருந்து போட்டேன். இந்த மூணையும் வேற யாராவது கவுன்டர்ல வந்து வரிசையா சொல்லியிருந்தா, அவங்க வாயை மூடுறதுக்குள்ள நான் கேட்டிருப்பேன், என்ன மாத்திரை சாப்பிடுறீங்கன்னு.

மறதிக்குன்னே ஒரு கிளினிக் இருக்கு, அங்க கூட்டிட்டுப் போனேன். டாக்டரம்மா சின்ன வயசு, பொறுமைசாலி. சாப்பிடுற மருந்தெல்லாம் பட்டியல் வேணும்னு கேட்டாங்க. எனக்குச் சொல்லவா வேணும், கடை கம்ப்யூட்டர்லேர்ந்து அச்சடிச்சு, கோடு போட்டு, கொண்டுபோயிட்டேன். ரத்த அழுத்தத்துக்கு ஒண்ணு, எலும்புக்கு ஒண்ணு. எல்லாரும் இப்படிக் கொண்டுவந்தா நல்லா இருக்கும்னு டாக்டர் பாராட்டினாங்க. நானும் பல்லைக் காட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்.

அந்தப் பட்டியல்ல ஒரு மாத்திரை இல்லை. அது ஏன் இல்லைங்கிறதை நான் சொல்லியாகணும், ஏன்னா இப்படி ஒரு தப்பு மருந்துக் கடைக்காரிக்குத்தான் வரும்.

பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி அக்காவுக்கு உடம்பெல்லாம் தடிப்பு தடிப்பா அரிப்பு வந்துச்சு. அரிப்புக்குன்னு எல்லாரும் கேட்டு வாங்குற பழைய மஞ்சள் மாத்திரை ஒண்ணைக் கொடுத்தேன், கேட்டுச்சு. அன்னையிலேர்ந்து சாயங்காலம் ஒண்ணு. எங்க கடையில நாலு மாத்திரை, அஞ்சு மாத்திரைன்னு கேக்கிறவங்களுக்கு அட்டையை வெட்டிக் கொடுப்போம். காலாவதித் தேதி அச்சான பக்கம் வெட்டுல போயிட்டா அந்த மிச்சத் துண்டை விக்கக்கூடாதுங்கிறது என் சட்டம். அதைப் போட ஒரு பழைய பிஸ்கட் டப்பா வெச்சிருக்கேன். வீட்டுக்கு வேணும்ங்கிற தலைவலி மாத்திரை, அரிப்பு மாத்திரை எல்லாம் அந்தத் துண்டு டப்பாவுலேர்ந்துதான் போகும். பில்லு கிடையாது, பதிவு கிடையாது. அறுபத்தஞ்சு தாண்டினவங்க பேர்ல அந்த மஞ்சள் மாத்திரையைப் பதிஞ்சா கம்ப்யூட்டர் சிவப்பாகி வழி மறிக்கும், காரணம் எழுதாம நகராது. அக்கா பேர்ல அது ஒரு தடவைகூடப் பதிவானதே இல்லை. எனக்கு அது மருந்தாவே படலை. வீட்டுல சோப்பு இருக்கு, தீப்பெட்டி இருக்கு, அந்த மாத்திரையும் இருக்கு, அவ்வளவுதான்.

இதுல இன்னொண்ணு. சாயங்காலத்துல அவ நடக்க ஆரம்பிச்சதும், தூக்கம் வரட்டுமேன்னு ஒண்ணை ரெண்டாக்கினேன். அதுக்கப்புறம்தான் அவ படுவேகமா சரிஞ்சா. நோய் முத்துதுன்னு நினைச்சேன்.

அப்பதான் அவ மாத்திரையைத் துப்ப ஆரம்பிச்சா. என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "நீ எனக்கு என்னமோ கொடுக்குற"ன்னு சொல்வா. என்னை வளர்த்தவ என்னைப் பார்த்து அப்படிச் சொன்னதும் நான் பாத்ரூம்ல போய் அழுதேன். டாக்டர்கிட்ட சொன்னப்ப, இந்த நோய்ல கூட இருந்து பார்த்துக்கிறவங்களைத்தான் முதல்ல சந்தேகப்படுவாங்க, மனசுல வெச்சுக்காதீங்கன்னு தேத்தினாங்க. எனக்கும் சமாதானமாச்சு. மறுநாள்லேர்ந்து ரெண்டு மாத்திரையையும் கடையிலிருக்கிற சின்னக் கல்லுல பொடிச்சு, பால்ல கலந்து, ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கொடுத்தேன். ஊருக்கே மருந்தை மறைச்சுக் கொடுக்காதீங்கன்னு பாடம் எடுக்கிறவ நான்.

மூணாவது தடவை கிளினிக் போனப்ப அவ எழுதிட்டிருந்த நோட்டையும் எடுத்துட்டுப் போனேன். சோபாவுல உக்காந்து பென்சிலால என்னத்தையோ கிறுக்கிக்கிட்டே இருப்பா. வளைவும் கொக்கியுமா கோடுகள், ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சு கிடக்கும். ஒரு காலத்துல எவ்வளவு அழகா எழுதினவ பாருங்கன்னு டாக்டர்கிட்ட காட்டினேன். அவங்க அதை ஃபைல்ல வெச்சுக்கிட்டாங்க. கடிகாரம் வரையச் சொன்னாங்க. அக்கா வட்டம் போட்டா, பன்னெண்டு எண்ணையும் ஒரே பக்கத்துல குவிச்சா. அதுக்கு முந்தின தடவை போனப்ப அவ டாக்டர்கிட்ட ஏதோ சொல்லவும் பார்த்தா. நான் அவளுக்குத் தெரியாம டாக்டரைப் பார்த்து இல்லைன்னு தலையை ஆட்டினேன்.

மகன் போன்லயே எல்லாம் முடிவு பண்ணிட்டான். சித்தி, நீங்களும் வேலைக்குப் போறவங்க, அம்மாவைப் பூட்டி வெச்சுட்டுப் போக முடியுமான்னான். இப்படி மறந்துபோறவங்களுக்குன்னே ஒரு இல்லம், ஒண்ணாம் தேதி ஒரு படுக்கை காலியாகுது. போனவங்க யாரும் அங்கேருந்து வீட்டுக்குத் திரும்பி வர்றதில்லை, அதையும் அவனே சொன்னான். நான் சரின்னேன். அவளோட ரெண்டு புடவை, நாலு நைட்டியில பேர் தைக்கணும்னு சொன்னாங்க, துணி மாறிடாம இருக்க. தையல்காரர்கிட்டயே கொடுத்தேன்.

ஒண்ணாம் தேதிக்கு இன்னும் ஒம்பது நாள் இருக்கும்போது அந்தத் துணியைக் கொடுக்கத்தான் தையல்காரர் எங்க கடைக்கு வந்தார். மத்தியானம், கூட்டமில்லை. கொடுத்துட்டு, தன் சம்சாரத்துக்கு உடம்பெல்லாம் அரிக்குது, அந்த மஞ்சள் மாத்திரை பத்து கொடுங்கன்னு கேட்டார். வயசென்னன்னு கேட்டேன். அறுபத்தெட்டுன்னார். அவ்வளவுதான், எனக்கு ஏறிடுச்சு.

அரைமணி நேரம் பாடம் எடுத்தேன். மூளையில ஒரு நரம்பு செல் அடுத்த செல்லோட பேச ஒரு ரசாயனத்தை விடும், அதை வாங்கிக்க அடுத்த செல் மேல ஏற்பிகள்னு இருக்கு, வயசாக ஆக அந்த ஏற்பிகள் குறையும், விடுற ரசாயனமும் குறையும்னு சொன்னேன். இந்த மாத்திரை அரிப்பை மட்டும் அடக்குறதில்லை, ஞாபகத்துக்கான அந்த ஏற்பிகளையும் போய் அடைக்கும்னு சொன்னேன். அவருக்குப் புரியணுமேன்னு உதாரணம் வேற: பத்து ஜன்னல் இருக்கிற வீட்டுல நாலை மூடினா ஒண்ணும் தெரியாது, அஞ்சே ஜன்னல் இருக்கிற வீட்டுல அதே நாலை மூடினா பட்டப்பகல்லயும் இருட்டு. மாத்திரை மாறலை, டெய்லர், வீடுதான் மாறிப்போச்சு. முதல்ல வாய் வறளும், அப்புறம் மலம் கட்டும், கண் மங்கும், அதுக்கப்புறம் ஆளே தடுமாறுவாங்க, நீங்க பாட்டுக்கு வயசாயிடுச்சுன்னு நினைச்சுக்குவீங்கன்னு விளாசினேன்.

அவர் கையைக் கட்டிக்கிட்டு நல்ல பிள்ளையாட்டம் கேட்டார். அப்புறம் சிரிச்சுக்கிட்டே, "சரி கறார் மேடம், உங்க வீட்டுப் பெரியவங்களுக்கு அரிச்சா நீங்க என்ன கொடுப்பீங்க?"ன்னார்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். கை பழக்கத்துல பிஸ்கட் டப்பா பக்கம் போச்சு. அங்கேயே நின்னுடுச்சு. காது ரெண்டும் அடைச்சுப்போச்சு. அவர் என்னமோ கேக்கிறார், எனக்கு உதடு அசையுறது மட்டும் தெரியுது. உள்ள போய் அட்டைப்பெட்டி மேல உக்காந்தேன். மடியில அக்காவோட நைட்டி, கழுத்துப்பட்டையில சிவப்பு நூல்ல அவ பேர். நானேதான். வேற யாருமில்லை, இந்தக் கையாலதான்.

டாக்டருக்குப் போன் பண்ணேன். எத்தனை வருஷமா, எத்தனைன்னு கேட்டாங்க, சொன்னேன். அப்புறம், இது எப்படிப் பட்டியல்ல வரலைன்னு கேட்டாங்க. மறந்துட்டேன்னு சொன்னேன். ஒரேடியா நிறுத்தாம கொஞ்சம் கொஞ்சமா குறைங்க, ஆறு வாரம் கழிச்சுப் பார்க்கலாம், எவ்வளவு திரும்பி வரும்னு வாக்குக் கொடுக்க முடியாதுன்னு சொன்னாங்க. திட்டலை. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

மகனுக்குப் போன் போட்டு, ரெண்டு மாசம் தள்ளி வைன்னேன். படுக்கை காத்துக்கிட்டு இருக்காது சித்தின்னான். ஏன்னு கேட்டான். மருந்தை மாத்திப் பார்க்கிறாங்கன்னு மட்டும் சொன்னேன். யார் கொடுத்த மருந்துன்னு சொல்ல எனக்குத் தைரியம் வரலை. அவன் விடாம வாதாடினான். உங்கம்மாவை இந்த வாசப்படி தாண்ட விடமாட்டேன், முடிஞ்சா கப்பலைத் திருப்பிக்கிட்டு வான்னு கத்திட்டுப் போனை வெச்சேன். குத்தம் என் மேல இருக்கும்போதுகூட என்னால கத்த முடியுது, அதை நினைச்சா இப்பவும் கூசுது.

முதல் வாரம் நரகம். அரிப்பு, தூக்கமில்லை, நடை. ஆட்டம் கண்டுபோயிட்டேன், என் தப்பைச் சரிக்கட்டத்தான் அவளை வதைக்கிறேனோன்னு. ரெண்டாவது வாரம் தண்ணி பாட்டில் நிறைஞ்சபடியே இருந்துச்சு. நாக்கு ஒட்டலை. மூணாவது வாரம் அம்மாவைப் பத்திக் கேக்கலை. அதுக்கடுத்த வாரம் பேப்பரை எடுத்து வெச்சுக்கிட்டு, நான் போன்ல யார்கிட்டயோ தேதி சொன்னதைக் கேட்டு, இன்னைக்குப் பதினேழு, பதினாறு இல்லைன்னா. நான் சமையல்கட்டுல போய்க் குழாயைத் திறந்துவிட்டுட்டு அழுதேன்.

ஆறாவது வாரம் கடிகாரத்தைச் சரியா வரைஞ்சா. முள் மட்டும் கொஞ்சம் யோசிச்சுப் போட்டா. ஆனா எல்லாம் திரும்பலை. அத்தானோட வாழ்ந்த வருஷங்கள்ல சிலது ஞாபகத்துல இல்லை. பேசும்போது இப்பவும் நடுவுல நின்னு வார்த்தை தேடுவா. அதுல எவ்வளவு மாத்திரை பண்ணது, எவ்வளவு வயசு பண்ணதுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாதுன்னு டாக்டர் சொன்னாங்க. இல்லம் வேண்டாம்னு ஃபைல்ல எழுதினாங்க. கிளம்பும்போது அக்கா, என் நோட்டு இங்க இருக்குன்னு கேட்டு வாங்கிக்கிட்டா.

அதுவரைக்கும் நான் அவகிட்ட எதையும் சொல்லலை. நாளைக்குச் சொல்லலாம், ஞாயித்துக்கிழமை சொல்லலாம்னு நாளைக் கடத்தினேன். உடம்பு தேறிட்டு வர்றா, இப்ப எதுக்குன்னு எனக்கு நானே காதுல பூ சுத்திக்கிட்டேன்.

ஞாயித்துக்கிழமை காலையில அவளே கூப்பிட்டா. சாப்பாட்டு மேசையில நோட்டு விரிச்சிருந்துச்சு. உக்காருன்னா. கண்ணாடியைச் சரி பண்ணிக்கிட்டு எழுந்து நின்னா. அப்பதான் எனக்கு உறைச்சுது, அந்தக் கோடெல்லாம் கிறுக்கல் இல்லைன்னு. கை நடுங்கி எழுதின சுருக்கெழுத்து. சின்ன வயசுலேர்ந்து அவ தோளுக்குப் பின்னாடி நின்னு பார்த்த எழுத்து, அதைத்தான் நான் நோய்னு காட்டியிருக்கேன்.

அவ வாசிச்சா. கோர்ட்டுல வாசிக்கிற அதே குரல்.

"மூணாம் தேதி. மாத்திரை வேண்டாம்னு சொன்னேன். தங்கச்சி கேக்கலை. எட்டாம் தேதி. பால் கசக்குதுன்னு சொன்னேன். சர்க்கரை போட்டா. பதினொண்ணாம் தேதி. பாலைக் குடிச்சா தலைக்குள்ள இருட்டுது. கிளினிக்ல சொன்னேன். டாக்டர் தங்கச்சியைப் பார்த்தாங்க. தங்கச்சி தலையை ஆட்டினா. பதினாலு. யார்கிட்ட சொல்றது."

அதுக்கப்புறம் பக்கம் முழுக்க அதே கடைசி வரிதான், அஞ்சு தடவையோ ஆறு தடவையோ வாசிச்சா. ஒண்ணைக்கூட விடலை. முடிச்சுட்டு என்னைப் பார்த்தா.

"சரியா எழுதியிருக்கேனா?"

"சரியா எழுதியிருக்கே"ன்னேன்.

அப்புறம் எல்லாத்தையும் கொட்டினேன். துண்டு டப்பா, பதினஞ்சு வருஷம், ஒண்ணை ரெண்டாக்கினது, பொடிச்சது, பட்டியல், நைட்டியில தைச்ச பேர். கடைசியில ஒண்ணே ஒண்ணு கேட்டா.

"இது இப்படிப் பண்ணும்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

பொய் சொல்லலாம். அவ முன்னாடி எனக்கு எப்பவும் அது வந்ததில்லை. "தெரியும். எல்லாருக்கும் சொல்வேன். உனக்குன்னு தோணவே இல்லை அக்கா."

நோட்டை மூடினா. பென்சிலை அதுக்குள்ள வெச்சா. மத்தியானத்துக்கு என்ன சமைக்கிறேன்னு கேட்டா. திட்டுவான்னு காத்துக்கிட்டே இருந்தேன், இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை திட்டலை.

அன்னைக்குச் சாயங்காலம் வழக்கம்போல ரெண்டு டம்ளர்ல பால் காய்ச்சி மேசையில வெச்சேன், அவளுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. போன் அடிச்சுது. அவ மகன். அவதான் எடுத்தா. அவன் ஏதோ கேட்டிருக்கணும். நீங்க பிடிவாதம் பிடிச்சது நல்லதாப் போச்சு சித்தின்னு எனக்கே அவன் நாலு நாளைக்கு முன்னாடி செய்தி அனுப்பியிருந்தான். இப்ப அவ சொல்லிடுவா, சொல்லட்டும்னு நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

"நல்லா இருக்கேன்பா. உங்க சித்தி என்னை நல்லாத்தான் பார்த்துக்கிறா"ன்னா.

சொல்லிக்கிட்டே, போனைத் தோள்ல இடுக்கிக்கிட்டு, என் முன்னாடி இருந்த டம்ளரைத் தன் பக்கம் இழுத்தா. அவளோடதை என் பக்கம் நகர்த்தினா. நான் அதை எடுத்து, அவ பார்க்கும்படியா ஒரு வாய் குடிச்சேன். அதுக்கப்புறம்தான் அவ குடிச்சா.

இப்ப அஞ்சு மாசம் ஆச்சு. தினமும் சாயங்காலம் ரெண்டு டம்ளர் வைப்பேன். தினமும் அவ மாத்துவா. ஒரு நாள்கூட மறந்ததில்லை.